சிலம்பில் முன்னுணர்த்தலும் முரண்நகையும் உயர்வு நவிற்சியும்

பின்னர் நிகழவிருப்பதைக் கனவாலோ நிமித்தத்தாலோ முன்னரே குறிப்பாகச் சுட்டுவது முன்னுணர்த்தல் எனப்படும். பாத்திரம் எண்ணுவது ஒன்றும் நிகழ்வது வேறொன்றுமாக இருக்க, அம்முரண் கற்போருக்கு மட்டும் புலப்படும்போது முரண்நகை பிறக்கிறது. ஒரு பொருளை அதன் இயல்பினும் மிகுத்துரைப்பது உயர்வு நவிற்சி. இம்மூன்று உத்திகளின் ஆற்றலையும் எல்லையையும் ஒருங்கே காட்டும் காப்பியம் சிலப்பதிகாரம். பதிகத்திலேயே கதை முடிவைச் சொல்லிவிடுவதால், அதன் 30 காதைகளையும் கற்போர் எதிர்நோக்குவது என்ன நிகழும் என்பதையன்று, எவ்வாறு நிகழும் என்பதையே ஆகும்.

இந்திரவிழவு ஊர் எடுத்த காதையின் முடிவில் கோவலனின் மனைவி கண்ணகியின் இடக்கண்ணும் அவன் காதலி மாதவியின் வலக்கண்ணும் துடிக்கின்றன. மகளிர்க்கு இடக்கண் துடித்தல் நன்மைக்கும் வலக்கண் துடித்தல் தீமைக்கும் அறிகுறி என்பது மரபு. அதற்கேற்பக் கோவலன் மாதவியைப் பிரிந்து கண்ணகியிடம் மீள்கிறான். ஆயினும் அம்மீட்சியே மதுரைப் பயணத்துக்கு வழிவகுப்பதால், நன்னிமித்தம் பொய்க்காமலேயே பேரழிவின் வாயிலாகிவிடுகிறது. பொருளிழந்து நாணி நிற்கும் கணவன், மாதவிக்குக் கொடுக்கப் பொருளின்றி வருந்துகிறான் எனக் கருதிக் கண்ணகி தன் சிலம்பைத் தர முன்வருவதும் இத்தகையதே. அவளது ஈகையே அவன் உயிருக்கு உலைவைக்கும் கருவியாகிறது. முன்னுணர்த்தலும் முரண்நகையும் இவ்வாறு பாத்திரத்தின் பண்பிலிருந்தே முளைக்கும் இடங்களில்தான் காப்பியம் உச்சம் தொடுகிறது.

புறஞ்சேரி இறுத்த காதையில் வையை மலராடை போர்த்துத் தன் கண்ணீரை மறைப்பதாகவும், மதுரையின் மதிற்கொடிகள் வரவேண்டாவெனக் கைகாட்டி மறிப்பதாகவும் கூறப்படுவது, இயல்பான நிகழ்வின்மேல் புலவர் தம் குறிப்பை ஏற்றும் தற்குறிப்பேற்ற அணி. ஆறும் கொடியும் அறிந்ததைக் கோவலன் அறியவில்லை. சிலம்பு விற்கப் புறப்படும் அவனை எதிர்க்கும் எருதும் தீநிமித்தமே எனினும், அதனை அறியும் மரபு அவன் குலத்துக்கு இல்லை என்று புலவர் காரணமும் காட்டுவதால், அவ்வறியாமை செயற்கையாகத் தோன்றவில்லை.

எனினும் முன்னுணர்த்தலின் மிகுதி குறையாகவும் மாறுகிறது. கண்ணகி, கோவலன், பாண்டியன் மனைவி கோப்பெருந்தேவி ஆகிய மூவரும் தீக்கனாக் காண்கின்றனர். போதாக்குறைக்குக் கட்டுரை காதையில் மதுராபதித் தெய்வம் கோவலனின் முற்பிறவிப் பழியையும், மதுரை எரியுறும் என்னும் பழைய உரையையும் எடுத்துரைக்கிறது. எல்லாம் ஊழின்படியே நடந்தன என்றால், கோவலனைக் கள்வன் எனக் காட்டிய பொற்கொல்லனின் வஞ்சமும், ஆராயாது அவனைக் கொல்ல ஆணையிட்ட பாண்டியனின் பிழையும் கனம் இழக்கின்றன.

உயர்வு நவிற்சிக்கும் இதே அளவுகோல் பொருந்தும். மிகுத்துரைப்பதை அதிசய அணி எனக் குறிக்கும் தண்டியலங்காரம், அது உலக வரம்பைக் கடவாமல் ஆன்றோர் வியக்குமாறு அமைதல் வேண்டும் என்கிறது. கண்ணகி முலை திருகி எறிந்து மதுரையை எரிப்பது நடைமுறைக்கு ஒவ்வாததாயினும், அரசியின் சிலம்பிலிருந்த முத்துப் பரலுக்கும் தன் சிலம்பின் மாணிக்கப் பரலுக்குமான வேறுபாட்டால் வழக்கு நிறுவப்பட்டு, படிப்படியாக மூண்ட சினத்தின் முடிவாக வருவதால் உணர்வின் வரம்புக்குள் நிற்கிறது. வஞ்சிக் காண்டத்தில் சேர மன்னன் செங்குட்டுவனின் வடபுலப் போர் 18 நாழிகையில், அதாவது இன்றைய கணக்கில் ஏழேகால் மணி நேரத்துக்கும் சற்றுக் குறைவாக, முடிந்தது என்பதற்கு அத்தகைய அடித்தளம் இல்லை. ஆண்டு, திங்கள், நாள், நாழிகை என்னும் வரிசையில் பழம்பெரும் போர்களோடு இதனையும் பதினெட்டால் அளப்பது மன்னனைப் புகழ்கிறதேயன்றி அவனை விளக்கவில்லை.

ஆகவே இவ்வுத்திகளின் தகுதி அவற்றின் எண்ணிக்கையிலோ வியப்பிலோ இல்லை. மாந்தரின் செயலுக்கு ஆழம் சேர்க்கும் இடத்தில் அவை கலையாகின்றன. அச்செயலின் பொறுப்பை ஊழுக்கோ புகழுக்கோ விட்டுக்கொடுக்கும் இடத்தில் வெறும் அணியாகவே நின்றுவிடுகின்றன. புகார்க் காண்டமும் மதுரைக் காண்டமும் கற்போரை ஆட்கொள்ளும் அளவுக்கு வஞ்சிக் காண்டம் ஆட்கொள்ளாமைக்கு இதுவும் ஒரு காரணம்.