எக்ஸ்டென்ஷன் கேபிளுக்கு எதிராக ஒரு வாதம்

மேசைமேல் ஒரு ஒயர்கூடக் கண்ணில் படக்கூடாது என்ற மோகம் பரவியபின், சி.பி.யு. பெட்டி அலமாரிக்குள் போய்விட்டது. வெப்கேமரா, ஹார்ட் டிஸ்க், பிரிண்டர் எல்லாம் யுஎஸ்பி எக்ஸ்டென்ஷன் கேபிளைப் பிடித்துக்கொண்டு தூரத்தில் நிற்கின்றன. குறை சொன்னால் ஒரே பதில்தான்: "எனக்கு நன்றாகத்தானே வேலை செய்கிறது?"

சில இடங்களில் அது உதவுகிறது, மறுக்கவில்லை. குனிந்து குனிந்து பின்பக்கத்துப் போர்ட்டைத் துழாவ வேண்டாம். யுஎஸ்பி 3.0 கிளப்பும் இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையைக் கெடுக்கும் என்று இன்டெல் 2012-இல் ஆய்வறிக்கையே வெளியிட்டது. வயர்லெஸ் மவுஸின் டாங்கிளை ஒரு முழம் தள்ளி வைத்தால் தடுமாற்றம் நிற்கும். நியாயம்தான்.

ஆனால் "வேலை செய்கிறது" என்பதற்குச் சாட்சியாக வருபவை பெரும்பாலும் கீபோர்டும் மவுஸும். நொடிக்கு 1.5 அல்லது 12 மெகாபிட் வேகம், துளி மின்சாரம். இவற்றுக்கு எந்தக் கம்பியும் போதும். அந்தச் சாட்சியத்தை வைத்து 480 மெகாபிட்டில் ஓடும் கருவிக்கும் தீர்ப்பு எழுதலாமா? 2000-இல் வந்த யுஎஸ்பி 2.0 விதிமுறை ஒரு கேபிளுக்கு 5 மீட்டரை உச்சமாக வைத்தது. ஒரு முனை ஆண், மறுமுனை பெண் என்ற வெறும் நீட்டிப்புக் கேபிளுக்கு அதில் இடமே இல்லை. ஆப்பிள் தன் கீபோர்டுக்கு நீட்டிப்புக் கேபிள் தந்தபோதுகூட, வேறு கருவி எதுவும் நுழையாதபடி அதன் வாயில் தனி வெட்டு வைத்தே தந்தது. கடைகளில் கிடைப்பவற்றுக்கோ அப்படி எந்தக் காவலும் இல்லை.

மின்சாரக் கணக்கைப் பாருங்கள். மலிவான கேபிள்களில் இருக்கும் 28 கேஜ் கம்பிக்கு மீட்டருக்குச் சுமார் 0.21 ஓம் மின்தடை. 3 மீட்டர் நீட்டினால் போக ஒன்று, வர ஒன்று என 6 மீட்டர் கம்பி, ஏறக்குறைய 1.3 ஓம். கருவி 500 மில்லிஆம்பியர் இழுத்தால் 5 வோல்ட்டில் 0.6 வோல்ட்டுக்கு மேல் வழியிலேயே கரைந்துவிடும். ஹார்ட் டிஸ்க் சுழலத் தொடங்கும் நொடியில் இதைவிட அதிகமாக இழுக்கும்; அப்போதுதான் டிக் டிக் என்று முனகிவிட்டு மறைந்துபோகிறது.

முழுதாக மறைந்தால்கூடப் பரவாயில்லை, காரணத்தைத் தேடுவோம். பாதி வேலை செய்வதுதான் கொடுமை. கோப்பு நகலெடுக்கும்போது தரவு சிதைந்தால் கணினி சத்தமில்லாமல் மறுபடி அனுப்பும். நமக்குத் தெரிவது "இன்று கொஞ்சம் மெதுவாக இருக்கிறது" என்பது மட்டுமே. வெப்கேமராவிலும் மைக்கிலும் ஓடும் நேரடித் தரவுக்கு அந்த மறு அனுப்பலும் கிடையாது, தொலைந்தது தொலைந்ததுதான். படம் உறைகிறது, குரல் வெட்டுகிறது. பழி இன்டர்நெட்டின் மேல் விழுகிறது, டிரைவர் மேல் விழுகிறது, கடைசியில் நல்ல கேமராவே குப்பைக்குப் போகிறது. குற்றவாளியான கேபிளோ அடுத்த கேமராவுக்காக அதே இடத்தில் காத்திருக்கிறது. மலிவு என்று வாங்கிய பொருளுக்கு இதைவிடப் பெரிய விலை வேண்டுமா?

டைப்-சி வந்தபின் இது வெறும் எரிச்சலோடு நிற்கவில்லை. 5 ஆம்பியர் தாங்கும் கேபிளுக்குள் ஒரு சில்லு உட்கார்ந்து, தன் தாங்குதிறனைச் சார்ஜருக்குச் சொல்கிறது. அதன் முனையில் ஒரு நீட்டிப்பைச் செருகினால், அந்தச் சில்லுக்கு அது தெரியாது, சார்ஜருக்கும் தெரியாது. நீட்டிப்பில் இருப்பது 3 ஆம்பியருக்கான கம்பி என்றால், அதில் 5 ஆம்பியர் பாய்ந்து சூடாகும். டைப்-சி விதிமுறையும் நீட்டிப்புக் கேபிளை ஏற்கவில்லை. இதையும் அழகான மேசைக்காகச் சகித்துக்கொள்ளச் சொல்கிறார்கள்.

தூரம் உண்மையிலேயே தேவையென்றால் தனி மின்இணைப்புள்ள ஹப் இருக்கிறது. சிக்னலைப் புதுப்பித்து அனுப்பும் ஆக்டிவ் கேபிள் இருக்கிறது. இரண்டும் விலை கூடுதல்தான். அடுத்த முறை ஹார்ட் டிஸ்கையோ கேமராவையோ பழுது பார்க்கக் கொண்டுபோகும் முன், எக்ஸ்டென்ஷனைக் கழற்றிவிட்டு நேரே போர்ட்டில் ஒருமுறை செருகிப் பாருங்கள்.