சருகும் உதிரிலையும்

வழிநூலை நால்வகைப்படுத்தும் தொல்காப்பியர், மொழிபெயர்ப்பைத் தொகுத்தல், விரித்தல், தொகைவிரி ஆகியவற்றோடு ஒருங்கு வைத்து எண்ணினார். இசைப்பாடல் மொழி மாறுங்கால் இவை தனித்து நில்லாமல் விரவி வருதலைக் காணலாம். பிரெஞ்சில் ‘லே ஃபேய் மோர்த்’ எனப் பிறந்து, ஆங்கிலத்தில் ‘ஆட்டம் லீவ்ஸ்’ எனப் பரவிய பாடல் இதற்குத் தக்க சான்று. இஃது ஒரே பாடலா, ஓரிசை பெற்ற இரு பாடல்களா என்பதே ஈண்டு ஆராயப்படுவது.

இப்பாடலின் வரலாற்றில் முந்தியது சொல்லன்று, இசையே. புடாபெஸ்டில் பிறந்து 1933இல் பாரிசுக்குப் பெயர்ந்த ஜோசப் கோஸ்மா, 1945இல் ரோலான் பெத்தியின் ‘லெ ராந்தேவூ’ என்னும் பாலே ஆடலுக்கென இம்மெட்டை அமைத்தார். கவிஞர் ழாக் பிரெவேர் அதற்குப் பின்னரே சொல் வழங்கினார். 1946இல் மார்செல் கார்னேயின் திரைப்படம் ஒன்றில் அது இடம்பெற்றது. படம் வெற்றி பெறவில்லை. பாடலோ இவ் மோந்தானின் குரலில் நிலைபெற்றது. எனவே மூலம் என்று நாம் போற்றுவதும் மெட்டுக்கு எழுந்த சொல்லே. மெட்டுக்கு எழுதினார் என்று ஆங்கிலத்தில் எழுதிய ஜானி மெர்சரைக் குறை கூறுவோர், அக்குறையைப் பிரெவேர்மீதும் சாற்றுதல் வேண்டும்.

பிரெஞ்சுத் தலைப்பு உயிரற்ற இலைகளைச் சுட்டுவது. தமிழில் ‘சருகு’ என்னும் ஒரு சொல்லே அதற்கு அமையும். சருகுகள் மண்வாரியால் அள்ளப்படுகின்றன. நினைவுகளும் கழிவிரக்கமும் அவ்வாறே. மண்வாரியால் அள்ளுதல் என்பது பிரெஞ்சு வழக்கில் ‘ஏராளமாக’ என்றும் பொருள்படும். இவ்விருபொருள் நயம் மொழிபெயர்ப்புக்கு இடந்தராதது.

இங்கு அமைப்பொன்று நோக்கத்தக்கது. சருகு வருவது, நம் நாடக மேடையார் தொகையறா என்பது போன்ற முன்பகுதியிலேயாம். பல்லவி போன்று நிற்கும் பின்பகுதியில் இலையே இல்லை. காதலரை ஓசையின்றிப் பிரிக்கும் வாழ்க்கையும், மணலில் அவர்தம் அடிச்சுவட்டை அழிக்கும் கடலும் மட்டுமே உள. மெர்சர் முன்பகுதியை எடுத்துக்கொள்ளவில்லை. அவ்வாறு விடின் தலைப்பு பொருளற்றதாகும். ஆதலின் இலையைப் பின்பகுதிக்குக் கொணர்ந்து சாளரத்தின் அருகே உதிரவிட்டார், கடலை நீக்கினார். இதனை வெறுஞ்சுருக்கம் என்றல் பொருந்தாது. ஓரிடத்துத் தொகுத்ததைப் பிறிதோரிடத்து விரித்து ஈடுசெய்த தொகைவிரி என்க.

ஆயினும் இம்மாற்றத்தால் உரிப்பொருளே வேறாகிவிட்டது. சருகு உதிர்ந்து முடிந்தது. மெர்சரின் இலை உதிர்ந்துகொண்டிருப்பது. பிரெவேரிடத்துப் பிரிவுக்குக் காரணம் வாழ்க்கை. பிரிந்தவர் எவரும் குற்றவாளியல்லர். ஈற்றில் எஞ்சுவது மறதி. ஆங்கிலத்திலோ ஒருவர் சென்றுவிட்டார். மற்றவர் நாள் நீளுதல் கண்டு வருந்துகிறார். பருவங்கண்டு ஆற்றாத நம் அகப்பாடல் தலைவியின் நிலைக்கு இது மிக அணித்து. ஆனால் அவளுக்கு உள்ள, தலைவன் மீள்வான் என்னும் சொல்லுறுதி இங்கில்லை. பிரெவேரின் கவிதை ஆழமுடையதாக எனக்குத் தோன்றினும், மெர்சருடையது நெகிழ்ந்த நகல் அன்று, வேறொரு பாடல்.

1955இல் ரோஜர் வில்லியம்சின் பியானோ இசைத்தட்டு அமெரிக்க விற்பனைப் பட்டியலில் முதலிடம் பெற்றபோது அதில் சொல்லே இல்லை. 1958இல் கேனன்பால் ஆடர்லியும் மைல்ஸ் டேவிசும் ஜாஸ் முறையில் இதனை வாசித்தனர். ஜாஸ் இசைஞர் பெரும்பாலும் எடுத்தாள்வது பின்பகுதியையே. பிரெவேரின் சருகும் மண்வாரியும் இருந்த முன்பகுதி, பிரெஞ்சில் பாடுவோரிடத்தன்றி அரிதாகவே கேட்கப்படுகின்றது.