தீமை அடங்குதலும் தீமை ஒழிதலும்

உலக முடிவில் நன்மையே தீமையை வெல்லும் என்பதிற் கிறிஸ்தவ சமயத்தார் ஒருமைப்பாடுடையர். ஆயின் அவ்வெற்றியின் இயல்பு யாது என்னும் வினாவிற்கு அவர்தம் ஆசிரியர் இறுத்த விடை ஒன்றன்று. பகைவனைச் சிறையிலிடுதலும் வெற்றியே. பகைமை இல்லையாமாறு செய்தலும் வெற்றியே. இவற்றுள் முடிந்த வெற்றி எது என்பதே ஈண்டு ஆராயற்பாலது.

இவ்வேறுபாட்டிற்கு மூலம் விவிலியத்திலேயே உளது. வெளிப்படுத்தின விசேஷத்தின் 20 ஆம் அதிகாரம், சாத்தான் ஆயிரம் ஆண்டு கட்டுண்டு, பின்னர்ச் சிறிது காலம் விடப்பட்டு, ஈற்றில் அக்கினிக் கடலில் வீழ்த்தப்பட்டு, அங்கே முடிவின்றி வருந்துவன் என்கின்றது. பவுல் கொரிந்தியர்க்கு வரைந்த முதல் நிருபத்தின் 15 ஆம் அதிகாரமோ, மரணமாகிய பகையும் அழிந்தபின் கடவுள் நிறைந்து விளங்காத இடம் யாதும் இல்லையாம் என்னும் கருத்தினது. முன்னதில் தீமை ஓரிடத்துக் கிடக்கின்றது. பின்னதில் அதற்கு இடமே காணப்படவில்லை.

மூன்றாம் நூற்றாண்டினராகிய அலெக்சாந்திரியா நகரத்து ஒரிஜன் பின்னதனைப் பற்றி நின்றார். தண்டம் நோய்க்கு மருந்து போல்வது என்பதும், முடிவு முதலை ஒக்கும் என்பதும் அவர் துணிபு. சைவர் மறக்கருணை என வழங்கும் சொல் ஈண்டு நினைவிற்கு வருதல் இயல்பே. ஆயின் உயிர்கள் கடவுட் காட்சியில் தெவிட்டித் தம் உரிமையால் வீழ்ந்தன என்பதும் அவர் கூற்றே. அவ்வுரிமை முடிவினும் நிற்குமாயின் மீண்டும் வீழ்தல் கூடும். கூடவே, பெற்ற வெற்றி நிலைபேறுடைத்தாகாது.

இக்குறையை அகுஸ்தீனார் (354–430) கண்டனர். இளமையில் ஒன்பதாண்டு மானி மதத்தைச் சார்ந்து பின் நீங்கிய அவர், தீமை நன்மைக்கு நிகரான ஒரு முதற்பொருளன்று, நன்மையின் குறைவே என நாட்டினார். 413 முதல் 426 வரை அவர் இயற்றிய 'கடவுளின் நகரம்' 22 பகுதிகளை உடையது. அதன் 21 ஆம் பகுதி தண்டம் முடிவிலது என வாதிக்கின்றது. ஈற்றுப் பகுதி, பேறு பெற்றோர் பாவஞ் செய்ய இயலாத உயர்ந்த உரிமையை எய்துவர் என்கின்றது. இதனால் ஒரிஜன் கூற்றின் நிலையாமை நீங்கிற்று.

ஆயினும் அவ்விடையே அவர்க்கு இடராகின்றது. உரிமையை அழியாமலே ஓர் உயிரின் விருப்பை நன்மையில் உறைப்பித்தல் கடவுட்கு இயலும் எனின், எஞ்சிய உயிர்கட்கும் அது செய்யாமை என்னை? நீதியால் தண்டம் ஒழுங்கைக் காக்கும் என்பர். ஒழுங்கு காக்கப்படுக, வெறுக்கும் உள்ளம் அழலிடையும் வெறுத்தபடியே இருக்கின்றது. பகைவன் தோற்றான்; பகை தோற்றிலது.

நான்காம் நூற்றாண்டினராகிய நிசா நகரத்துக் கிரகோரியார் இருவர் குறையும் நீங்கும் நெறி ஒன்று காட்டினார். தீமை எல்லையுடையது, நன்மை எல்லையற்றது. நிலவுலகின் நிழல் கூம்பிச் சென்று ஓரிடத்து முடிய, அப்பால் ஒளியே உளதாதல் போல, தீமையின் எல்லையைக் கடந்த உயிர் நன்மையையே சாரும் என்றார். எல்லையற்றதன்கண் தெவிட்டுதல் இன்மையின் மீட்டும் வீழ்தற்கு ஏது இல்லை.

நிழலினுள்ளேயே சுழல்வானுக்கு அதன் எல்லை தோன்றாதே எனின், அதற்கும் அவர் நூலில் விடையுண்டு. தமக்கை மக்ரினாவோடு உரையாடும் முறையில் அமைந்த நூலில், சேறு பற்றிய கயிற்றைச் சிறு துளைவழி இழுப்பார் செயலை உவமை கூறினார். இழுப்பவர் கடவுள், நோவு சேற்றின் அளவினது. உயிர் தானே கடப்பதன்று, கடத்தப்படுவது என்பது இதனாற் பெறப்படும்.

மத்தேயு 25 ஆம் அதிகாரத்தில் வாழ்விற்கும் தண்டத்திற்கும் ஒரே சொல் வருதலின் ஒன்று முடியின் மற்றதும் முடியும் என்பது அகுஸ்தீனாரின் வலிய மறுப்பு. வாழ்வின் முடிவின்மை அச்சொல் ஒன்றனையே பற்றியதன்று, கடவுளின் இயல்பைப் பற்றியது. தண்டத்திற்கு அத்தகைய பற்றுக்கோடு இல்லை. 553 இற் கான்ஸ்தாந்திநோபிளிற் கூடிய சங்கம் ஒரிஜனைப் புறச்சமயிகளோடு எண்ணிற்று. கிரகோரியாரோ இன்றும் அத்திருச்சபையாராற் புனிதரெனவே போற்றப்படுகின்றனர். ஆகலின் அக்கதவு அவர்தம் சமயத்துள் முற்றும் அடைக்கப்பட்டதன்று. தீயோனை அடக்குவது அரசன் வெற்றி. தீமையை ஒழிப்பதே இறைவன் வெற்றி என்க.