முதோனியை யார் கேட்டார்கள்?

கென்யாவின் இனக்குழுக்களைப் பற்றி யாராவது எழுத ஆரம்பித்தாலே ஒரு பட்டியல் வந்துவிடும். கிகுயு, லுவோ, லுஹ்யா, கலென்ஜின், கம்பா, மசாய். ஆளுக்கு ஒரு பத்தி, ஒரு நடனம், ஒரு சடங்கு. மசாய் என்றால் சிவப்புப் போர்வை, கையில் ஈட்டி, முடிந்தது. அந்தச் சடங்குக்குள் உட்கார்ந்திருந்த ஒரு ஆளின் முகம் மட்டும் எங்கேயும் தெரியாது.

கிகுயு மக்களைப் பற்றிய இரண்டு புத்தகங்களை அடுத்தடுத்து வாசித்தேன். முதலாவது ஜோமோ கென்யாட்டாவின் ‘ஃபேசிங் மவுண்ட் கென்யா’ (1938). பின்னாளில் கென்யாவின் முதல் அதிபரான அதே கென்யாட்டாதான். லண்டனில் மானுடவியலாளர் மாலினோவ்ஸ்கியிடம் படித்தபோது எழுதிய ஆய்வு இது. நிலம் யாருக்குச் சொந்தம், கல்யாணம் எப்படி நடக்கும், வயதுக்குழுக்கள் என்ன செய்யும், மலையைப் பார்த்து ஏன் கும்பிட வேண்டும் என்று எல்லாவற்றையும் ஒன்றோடொன்று கோத்துக் காட்டுகிறார். கிகுயு நிலத்தை வெள்ளைக் குடியேறிகள் பிடுங்கிக்கொண்டிருந்த காலம். ‘எங்களுக்கும் ஒரு ஒழுங்கு இருந்தது’ என்று ஆண்டவனின் மொழியிலேயே வாதாடிய புத்தகம். அந்த வகையில் எனக்கு அதன்மேல் மரியாதை உண்டு.

இடறுவது ஒரே இடத்தில்தான். பெண்களின் பிறப்புறுப்பை வெட்டும் ‘இருவா’ சடங்கை அவர் முழுமூச்சாக ஆதரிக்கிறார். 1929 வாக்கில் மிஷன் சபைகள் அதைக் கைவிடச் சொல்லி நெருக்க, ஏராளமான கிகுயுக்கள் சபையை விட்டு வெளியேறி, தனிப் பள்ளிகளே தொடங்கிவிட்டார்கள். இந்தப் பின்னணியில் கென்யாட்டா சொல்வது: இதை உருவினால் மொத்தக் கட்டமைப்பும் சரியும். வெட்டுகிற பெண்ணின் கைத்திறனை லண்டன் ஹார்லி தெரு சர்ஜனோடு ஒப்பிடவும் செய்கிறார்! என் வேலையில் டாக்குமெண்டேஷன் என்று ஒன்று உண்டு. அதைப் படித்தால் சிஸ்டம் அழகாக ஓடும். ராத்திரி இரண்டு மணிக்குப் போன் வரும்போதுதான் தெரியும், எழுதினவர் ஒருவர், மாட்டிக்கொண்டவர் இன்னொருவர் என்று. கென்யாட்டா அந்த வலியைப் பட்டவர் இல்லை.

மாட்டிக்கொண்டவளை கூகி வா தியாங்கோவின் ‘தி ரிவர் பிட்வீன்’ (1965) நாவலில் பார்த்தேன். தமிழில் ‘சிலுவையில் தொங்கும் சாத்தான்’ வழியாக கூகியை அறிந்தவர்களுக்கு இந்த இளம் கூகி கொஞ்சம் புதிதாக இருப்பார். ஹோனியா ஆற்றின் இரு கரைகளிலும் இரண்டு மலைமுகடுகள். ஒன்று பழைய வழியைப் பிடித்துக்கொண்டிருக்கிறது, மற்றது கிறிஸ்தவத்துக்கு மாறியிருக்கிறது. போதகர் ஜோஷுவாவின் இளைய மகள் முதோனி, அப்பாவை மீறி அக்கரையில் அத்தை வீட்டுக்குப் போய்ச் சடங்கைச் செய்துகொள்கிறாள். இயேசுவை விடவில்லை. இரண்டும் வேண்டும் அவளுக்கு. காயம் ஆறவில்லை. மிஷன் ஆஸ்பத்திரியில் செத்துப்போகிறாள்.

கூகி அவளைப் பலியாடாக எழுதவில்லை. யாரும் அவளைப் பிடித்துத் தள்ளவில்லை, அவளேதான் நடந்து போனாள். சடங்கை வெறுக்கிற வாசகருக்கும் இது சங்கடம், ஆதரிக்கிறவருக்கும் சங்கடம். 2011-இல் கென்யா இந்தச் சடங்கைச் சட்டம் போட்டுத் தடை செய்துவிட்டது. சரியான சட்டம் என்றுதான் நினைக்கிறேன். ஆனாலும் முதோனியிடம் போய் ‘உனக்கு ஒண்ணும் தெரியாது’ என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

என் புகார் அதற்குப் பிறகு வருவது. நாவல் பாதியைத் தொடுவதற்கு முன்பே முதோனி போய்விடுகிறாள். உடனே ஆளாளுக்கு அவள் சாவைப் பங்குபோடுகிறார்கள். மிஷனுக்கு அது காட்டுமிராண்டித்தனத்தின் சாட்சி, பெரியவர் செகேக்கு ஜோஷுவா வாங்கிய தண்டனை. ‘அவளைப் பேசவிடாமல் செய்ததைத்தானே கூகி காட்டுகிறார்’ என்று ஒருவர் கேட்கலாம். பாதிதான் ஒத்துக்கொள்வேன். ஏனென்றால் கதையின் கண்ணும் அவளைவிட்டு நகர்ந்துவிடுகிறது. பள்ளிக்கூடம் கட்டும் வையாகி, அவன்மேல் பொறாமைப்படும் கபோன்யி, யார் ரட்சகன் என்கிற போட்டி. ஒரு பெண்ணின் உடம்பில் தொடங்கியது ஆண்களின் தலைமைச் சண்டையாகச் சுருங்கிப்போகிறது. அக்கா ந்யாம்புரா இருக்கிறாள்தான். ஆனால் தங்கையின் பிடிவாதத்தில் கால்வாசிகூட கூகி அவளுக்குக் கொடுக்கவில்லை, பெரும்பாலும் வையாகியின் காதலியாகவே நிற்கிறாள்.

கூகி பிற்பாடு வேறு மாதிரி வேலை செய்தார். 1977-இல் கமிரிது கிராமத்தில், கூகி வா மிரியோடு சேர்ந்து கிகுயு மொழியில் எழுதிய நாடகத்தை விவசாயிகளும் தொழிலாளிகளுமே நடித்தார்கள். ஒத்திகையில் வசனத்தையும் அவர்கள் திருத்தினார்கள். நாடகம் நிறுத்தப்பட்டது, அந்த ஆண்டின் கடைசியில் கூகி விசாரணை இல்லாமல் சிறைக்குப் போனார். அப்போது அதிபர் யார் தெரியுமா? கிகுயு பண்பாட்டை உலகத்துக்கு எடுத்துச் சொன்ன அதே கென்யாட்டா.

முதோனிக்கு இப்படி ஒரு ஒத்திகை கிடைத்திருந்தால் தன் வசனத்தை அவள் எப்படித் திருத்தியிருப்பாள் என்று யோசித்துக்கொண்டேதான் நாவலின் கடைசிப் பக்கத்தைத் திரும்பப் படித்தேன். வையாகியையும் ந்யாம்புராவையும் கியாமா என்கிற பெரியவர்கள் சபையின் கையில் ஒப்படைத்துவிட்டு, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கப் பிடிக்காமல் கூட்டம் வீட்டுக்குப் போய்க்கொண்டிருக்கிறது.