நினைவும் ஆள்தன்மையும்: ஜான் லாக்கின் கோட்பாடு பற்றி ஒரு திறனாய்வு

நேற்றிருந்தவரும் இன்றிருப்பவரும் ஒரே ஆள் என்று எதைக்கொண்டு சொல்கிறோம்? இவ்வினாவுக்கு ஜான் லாக் அளித்த விடை, மனித அறிவைப் பற்றிய தமது பெருநூலின் இரண்டாம் பதிப்பில் (1694) அவர் புதிதாகச் சேர்த்த ஓர் அதிகாரத்தில் உள்ளது. ஒருவரை அதே ஆளாக நிலைநிறுத்துவது ஆன்மாவும் அன்று, உடலும் அன்று. தன்னுணர்வு எவ்வளவு தூரம் பின்னோக்கி எட்டுகிறதோ அவ்வளவு தூரமே ஆள்தன்மை நீடிக்கிறது என்பது அவர் கருத்து. அரசகுமாரனின் தன்னுணர்வு செருப்புத் தைப்பவனின் உடலில் புகுந்தால், அங்கிருப்பவன் அரசகுமாரனே என்கிறார். கூடுவிட்டுக் கூடு பாயும் கதைகளைக் கேட்டு வளர்ந்த நமக்கு இது புதுமையன்று.

இக்கோட்பாட்டின் பின்னே நியாயத்தீர்ப்பு நாள் நிற்கிறது என்பதை மாணவர் பலர் கவனிப்பதில்லை. 'ஆள்' என்பதை நீதிமன்றத்துக்குரிய சொல்லாகவே லாக் கொண்டார். குடிவெறியில் செய்த குற்றத்தை மனித நீதிமன்றம் தண்டிக்கிறது. நினைவில்லை என்னும் கூற்றைச் சோதித்தறிய அதனால் இயலாது. இருதயத்தின் இரகசியங்கள் வெளிப்படும் நாளிலோ, தான் சற்றும் அறியாததற்கு எவரும் கணக்கொப்புவிக்க வேண்டியிராது என்று எண்ணினார். இறைநீதியின்மீது கொண்ட இவ்வக்கறை மதிப்புக்குரியதே. ஆனால் அதற்குக் கொடுக்கும் விலை பெரிது. மறந்த பாவம் என்னுடையதன்று என்றால், மறந்த ஞானஸ்நானமும் என்னுடையதன்று. குழந்தையாக ஞானஸ்நானம் பெற்றவர்களில் எவருக்கு அது நினைவிருக்கிறது?

நினைவு தன்னொருமையை முன்கொள்கிறதேயன்றி அதை உண்டாக்குவதில்லை என்று ஜோசப் பட்லர் 1736-இல் காட்டினார். தாமஸ் ரீட் 1785-இல் ஓர் எடுத்துக்காட்டால் இக்கோட்பாட்டை முறித்தார். திருடியதற்காக அடிபட்ட சிறுவன், வளர்ந்து எதிரியின் கொடியைக் கைப்பற்றுகிறான், முதுமையில் படைத்தலைவனாகிறான். கொடியைக் கைப்பற்றியபோது அடி நினைவிலிருந்தது. படைத்தலைவனுக்குக் கொடி நினைவிருக்கிறது, அடி நினைவில்லை. லாக்கின்படி படைத்தலைவன் அச்சிறுவனாகவும் இருக்கவேண்டும், இல்லாமலும் இருக்கவேண்டும்! ரீட் அளித்த மாற்று, எண்ணங்கள் கடந்துபோனாலும் எண்ணுகிறவர், செயல்படுகிறவர், துன்புறுகிறவர் நிலைக்கிறார் என்பது. துன்புறுதலையும் அவர் சேர்த்தது நமக்கு முக்கியம். பிள்ளையின் பெயரை மறந்த மூதாட்டிக்கும் நோவு உண்டு.

இன்று மறதிநோயாளரைக் குறித்துப் பேசும் போதகர் பலர், அவர்கள் கடவுளின் நினைவில் வாழ்கிறார்கள் என்று ஆறுதல் கூறுகின்றனர். ஜான் ஸ்விண்டன் 2012-இல் வெளியிட்ட நூலின் தலைப்பே ஏறத்தாழ இதுதான். தலைப்பை மட்டும் எடுத்துக்கொண்டால் லாக்கைவிட்டு நாம் அதிகம் விலகவில்லை. நினைப்பவர் மாறினாரேயன்றி நினைவே அளவுகோலாக நிற்கிறது. பட்லரின் மறுப்பு இங்கும் பொருந்தும்: நினைக்கப்படுவதற்கு ஒருவர் முன்னமே இருக்கவேண்டும். வேதாகமத்தில் கடவுள் நினைப்பது பழையதை மீட்டெண்ணுவது மட்டுமன்று. ஆதியாகமம் 8-இல் அவர் நோவாவை நினைத்தருளியபோது காற்று வீசுகிறது, வெள்ளம் வற்றுகிறது. பேழையில் இருந்தவரிடம் எதுவும் கேட்கப்படவில்லை.

தன்னைத்தான் சோதித்தறிய இயலாதவருக்குத் திருவிருந்து அளிக்கலாமோ என்னும் ஐயத்துக்கு 1 கொரிந்தியர் 11:28 ஆதாரமாகக் காட்டப்படுவதுண்டு. அவ்வசனத்தை அதன் அதிகாரத்திலிருந்து பிரித்துப் படிப்பது லாக்கின் கண்ணாடி வழியே பவுலைப் படிப்பதாகும். கொரிந்துவில் கண்டிக்கப்பட்டவர்கள் மறந்தவர்கள் அல்லர். முந்திக்கொண்டு உண்டு, இல்லாதவர்களை வெட்கப்படுத்தியவர்கள்.