கொலையாளியின் வாயில் எசேக்கியேல்

1994ஆம் ஆண்டு கான் திரைப்பட விழாவில் உயரிய விருதைப் பெற்ற 'பல்ப் ஃபிக்‌ஷன்' என்னும் அமெரிக்கத் திரைப்படத்தைத் திருப்பணியாளர் பார்க்கலாமா என்ற வினாவை நாம் இங்கு எடுத்துக்கொள்ளவில்லை. வசைச்சொற்களும் குருதியும் அதில் மலிந்துள்ளன. அவற்றினூடே பார்ப்போர் சிரித்தும் விடுகின்றனர். கொலைக்குச் செல்வோர் சிற்றுண்டி பற்றி அளவளாவுவதும், காலவரிசையைக் கலைத்துக் கதை கூறுவதும் குவென்டின் டாரன்டினோவுக்குப் பின் பலரால் பின்பற்றப்பட்டன. நம் கவனத்தை ஈர்ப்பது அதிலுள்ள ஒரு திருமறை வசனமே.

சாமுவேல் எல். ஜாக்சன் நடித்த ஜூல்ஸ் என்னும் கூலிக் கொலையாளி, சுடுமுன் எசேக்கியேல் 25:17 எனக் கூறி, நீதிமானின் பாதை, பலவீனரை நடத்தும் மேய்ப்பன், தீயோரின் கொடுங்கோன்மை என நீண்டதொரு பகுதியை முழங்குகிறான். இறுதியில் வரும் பழிவாங்குதல் பற்றிய சொற்களைத் தவிர ஏனையவை திருமறையின் அவ்வதிகாரத்தில் இல்லை. 1970களில் சோனி சிபா நடித்த ஜப்பானியச் சண்டைப் படமொன்றின் அமெரிக்கப் பதிப்பிலிருந்து எடுத்து விரிக்கப்பட்டது அது. (திருமறையில் இல்லாத 'வசனங்கள்' நம் பிரசங்க பீடங்களிலும் உலவுவதுண்டு, இயக்குநரை மட்டும் குறை கூறுவதற்கில்லை.)

உண்மையான பகுதியோ பெலிஸ்தருக்கு எதிரான தீர்ப்பு. அதன் காரணம் 15ஆம் வசனத்தில் உள்ளது: அவர்கள் பகை பாராட்டிப் பழிவாங்கியவர்கள். பழிவாங்கினோரைக் கண்டிக்கும் பகுதியையே ஜூல்ஸ் தன் துப்பாக்கிக்குத் துணையாக்குகிறான். இரண்டு வசனங்கள் முன்னே படித்திருந்தால் அவனுக்கு நா எழுந்திராது.

ஆயினும் இறுதிக்காட்சியை ஒதுக்கிவிட நம்மால் இயலவில்லை. மிக அருகிலிருந்து பாய்ந்த குண்டுகள் தன்மேல் படாததை இறைவனின் செயல் எனக் கொண்ட ஜூல்ஸ், உணவகத்தில் கொள்ளையிட வந்தவனை எதிரே அமர்த்தி, இதுவரை மிரட்டுவதற்காக மட்டுமே சொல்லிவந்த அச்சொற்களுக்குப் பொருள் தேடுகிறான். நீதிமான் தானோ? மேய்ப்பன் தன் துப்பாக்கியோ? இல்லை, தீயோரின் கொடுங்கோன்மை தானே என்கிறான். மேய்ப்பனாக முயல்வதாகவும் கூறி, கொள்ளையனின் உயிரைத் தன் பணத்தால் வாங்கி அவனை அனுப்பிவிடுகிறான். போலி வசனத்தை வைத்துக்கொண்டு அவன் செய்தது மெய்யான விளக்கவுரை.

அதே குண்டுகளுக்குத் தப்பிய தோழன் வின்சென்ட் அதைத் தற்செயல் என்கிறான். அவன் மறுபடியும் சுடப்பட்டு மடிவதைக் கலைந்த காலவரிசையால் நாம் முன்னமே கண்டுவிட்டோம். வரிசையைக் கலைத்ததற்கு இவ்வளவு ஆழ்ந்த நோக்கம் இருந்ததைப் பின்பற்றியோரில் பலர் கவனிக்கவில்லை.

2014இல் வெளிவந்த 'கேப்டன் அமெரிக்கா' படமொன்றில், அதே ஜாக்சன் ஏற்ற பாத்திரத்தின் கல்லறையில் எசேக்கியேல் 25:17 பொறிக்கப்பட்டுள்ளது. (அப்பாத்திரம் உண்மையில் இறக்கவில்லை என்பது வேறு.) அங்குப் பொறிக்கத் தெரிந்துகொண்டது நீதிமானின் பாதை என்னும் தொடக்கத்தை மட்டுமே.