சிறுபாணாற்றுப்படையும் உளநூல் முறையும்

இன்று திண்டிவனத்தின் ஒரு பகுதியாய் அமைந்த கிடங்கில், ஓய்மானாட்டு நல்லியக்கோடனுக்குரிய ஊர். அவனைப் பாடும் சிறுபாணாற்றுப்படை 269 அடிகளையுடையது. அதன்கண் வரும் வறுமைக் காட்சி தமிழ் பயின்றார் அறிந்ததே. கண் திறவாக் குட்டி பாலற்ற முலையைக் கவர, அது பொறாது ஈன்ற நாய் குரைக்கின்றது. கிணைமகள் குப்பைவேளையைக் கிள்ளி உப்பின்றி வேகவைக்கின்றாள். அறிவிலார் காண்பரே என நாணிக் கதவை அடைத்துச் சுற்றத்தோடு உண்கின்றனர். இதனை உளநூல் நோக்கில் ஆய்வதாகக் கூறும் கட்டுரைகள் பல, மெய்ப்பாட்டின் பெயரைச் சுட்டிய அளவில் நின்றுவிடுகின்றன. பெயரிடுதல் ஆராய்ச்சியாமோ என்பதே எம் வினா.

1879இல் இலீப்சிக் நகரில் ஆய்வுக்கூடம் நிறுவிய வூண்ட், தம் உணர்வைத் தாமே நோக்கிக் கூறும் அகநோக்கினை ஒரு கருவியாகக் கொண்டார். 1913இல் வாட்சன் அதனை விலக்கி, பிறர் காணத்தக்க நடத்தையே சான்றாகும் என்றார். அவர்தம் வழக்கை ஈண்டுத் தீர்க்க வேண்டுவதில்லை. காணப்பட்டது யாது, உய்த்துணரப்பட்டது யாது எனப் பிரித்தல் வேண்டும் என்பதே நாம் கொள்ளத்தக்கது.

கதவடைத்தல் செயல், நாண் அதற்குக் கூறப்பட்ட காரணம். கூறுவோன் யாவன்? யானையும் தேரும் பரிசிலாகப் பெற்று மீளும் பாணன். பசி தீர்ந்தபின் பசியைச் சொல்கின்றான். அதனையும் வள்ளலின் கொடை சிறந்து தோன்றுமாறு சொல்கின்றான். எனவே இஃது அகநோக்கேயாயினும் காலத்தாற் பிற்பட்ட அகநோக்கு. அக்காலத்து உள்ளநிலைக்கு நேர்ச்சான்றாகக் கொள்ளுதல் பொருந்தாது.

உளநூலார் ஒன்றை மாற்றிப் பிறவற்றை மாறாது நிறுத்திச் சோதிப்பர். பாணனைச் சோதித்தல் நமக்கு இயலாது; ஒப்பீடு ஒன்றே உண்டு. புறநானூறு 159இல் பெருஞ்சித்திரனாரும், குப்பைக்கீரையை உப்பின்றி அவித்துண்ணும் நிலையைக் குமணனுக்கு உரைக்கின்றார். பசி ஒன்று, உணவும் ஏறத்தாழ ஒன்று, கதவடைத்த செய்தி மட்டும் இல்லை. ஆகவே நாண் பசியின் விளைவன்று, பிறர் காண்பர் என்னும் நினைவின் விளைவு என்பது எம் கருதுகோள். கூறாமை இன்மைக்குச் சான்றாகாதே எனின், அம்மறுப்பு வலியதே. இரண்டு பாட்டுக்களைக் கொண்டு முடிவு கூறுதல் தகாது.

இன்னொன்று. தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் வறுமையை அழுகையின் நிலைக்களனாக வைத்தது. இளிவரலுக்கு மூப்பு, பிணி, வருத்தம், மென்மை என்பவற்றைக் கூறிற்று. சிறுபாணனின் இல்லத்திலோ அழுவார் ஒருவரும் இலர், நாணுகின்றனர். வாய்பாட்டைக் கையிற்கொண்டு புகுந்து, வறுமை கண்டவிடத்து அழுகையென எழுதிச் சென்றார் கண்ணுக்கு அக்கதவு புலனாகவில்லை.

விழுப்புரம் மாவட்டத்து இருவேல்பட்டினைச் சென்னைப் பல்கலைக்கழகப் பொருளியற் பேராசிரியர் கில்பர்ட் சிலேட்டர் 1916இல் தம் மாணவரைக் கொண்டு ஆராய்வித்து, 1918இல் நூலுட் சேர்த்தார். பின்வந்தோர் 1930களிலும் அதன்பின்னும் அவ்வூரையே மீண்டும் ஆராய்ந்தனர். துறை வேறாயினும், முன்னோர் கண்டதைப் பின்னோர் சென்று சரிபார்க்க இடமிருந்தமை கருதத்தக்கது. நம் கட்டுரைகளிலோ எப்பாட்டுக்கள் எண்ணப்பட்டன, எவை விடப்பட்டன என்னும் குறிப்புத்தானும் இல்லை.

வறுமை கூறும் புறப்பாட்டுக்களை எல்லாம் தொகுத்து, முதுகலை மாணவர் இருவர், ஒருவர் குறிப்பை மற்றவர் காணாது, நாண் தோன்றும் இடங்களைத் தனித்தனியே குறிக்கட்டும்; இருவரும் எத்துணை இடங்களில் ஒத்தனர், எங்கே மாறுபட்டனர் என்பதைக் கட்டுரையிலேயே தரட்டும். ஒரு பருவத்துள் முடியத்தக்க பணியே இது.